பாய்க் கயிறு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அவருக்கு மட்டும் முழங்கால் வலி, படகின் அடிப்பாகத்துக்குச் சாயம் பூசக் குனிந்து குனிந்து வந்தது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நனைந்த துணியை உடனே மாற்றிக்கொண்டு சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன் அண்ணி, வெச்சிடட்டுமா" என்கிறாய். உங்கள் அணியின் படகுக் கொட்டகைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, எதிரணி வேவு பார்க்கும் என்று வேறு சொன்னாய். அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் வைத்துவிட முடியாது.

தையல்கடைக்காரம்மா தன் போனில் உங்கள் படகு ஓடும் படத்தைக் காட்டினார். ஓடுகிறது என்று எப்படிச் சொல்வேன்? அது தண்ணீரில் இல்லவே இல்லையே தம்பி! மேலே ஒரு ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டு போகிறது. உன் அண்ணனும் அங்கேதான் நின்றார். கத்தரிக்கோல் தேடுவது மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "அது படகு இல்ல. எறிஞ்ச கத்தி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கத்தரிக்கோல் மேசை மேலேயே இருந்தது.

நம் படகை விட்டுவிட்டு அந்த அணிக்கு நீ கிளம்பிய அன்று "இனிமே எனக்குத் தம்பின்னு யாரும் இல்ல" என்றார். சொன்னதைத் திரும்ப எடுக்கத் தெரியாத மனிதர். நீயும் அவர் வளர்த்த பிள்ளைதானே, நீயும் அப்படித்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. இந்தப் பருவம் முடிந்ததும் பத்து நாள் வந்து இரு. நீங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டையாவது போடுங்கள். இந்த வீட்டில் பேச்சே இல்லாமல் காது அடைத்துப்போய்விட்டது.

பதில் எழுது. உன் நலம் விரும்பும்,
அண்ணி

மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் வந்தது. நான் சுகம். அண்ணனின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், வேண்டாம் என்பார், கேட்காதீர்கள்.

பயப்படாமல் இருக்க விவரமாகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் படகின் அடியில் இரண்டு பக்கமும் கார்பனில் செய்த இறக்கை இருக்கிறது. வேகம் வந்ததும், விமானத்தைக் காற்று தூக்குவது போல, அந்த இறக்கையைத் தண்ணீர் தூக்குகிறது. அப்புறம் தண்ணீரில் இருப்பது இறக்கையும் சுக்கானும் மட்டும்தான். படகின் உடம்பு முழுக்கக் காற்றில். அலையே தெரியாது. ஒரு சத்தம் மட்டும் கேட்கும், விசில் மாதிரி.

நாங்கள் ஆறு பேர். ஒருவர் சுக்கான். நான் பெரிய பாயின் கயிறு. மீதி நான்கு பேர் சைக்கிள் மிதிக்கிறார்கள். சிரிக்காதீர்கள், நிஜம். அவர்கள் காலில் இருந்துதான் எண்ணெய் அழுத்தம் வந்து இறக்கை ஏறி இறங்குகிறது. அதில் ஒருவன் என் அறைக்காரன். அவனை எல்லோரும் மலை என்று கூப்பிடுகிறோம். கட்டில் அவனுக்குப் போதாது, காலைச் சன்னல்படியில் வைத்துத் தூங்குவான். உங்கள் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். கத்தரிக்கோல் இடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். "உங்க அண்ணன் நல்ல நடிகர்டா" என்றான்.

அண்ணன் படகில் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே போகலாம். இங்கே எச்சில் விழுங்க நேரமில்லை. காற்று எந்தப் பக்கம் என்று பின்கழுத்தில் உணர்ந்து சொல் என்று அண்ணன் சொல்லிக் கொடுத்தாரே, அது இங்கே செல்லாது. நாங்கள் போகிற வேகத்தில் காற்று எப்போதும் முகத்துக்கு நேராகத்தான். கோச் முதல் நாளே சொன்னார்: "உன் கழுத்தைக் கழட்டிக் கரையில வெச்சிட்டு வா."

பருவம் முடியட்டும், பார்க்கலாம்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். ஒத்தடம் கொடுத்தேன், திட்டு வாங்கினேன், முழங்கால் பரவாயில்லை. மலைக்கும் என் விசாரிப்பைச் சொல். பெற்ற தாய் எங்கோ நினைத்துக்கொண்டிருப்பார், அவன் பேரையும் சேர்த்துத்தான் தினமும் பிரார்த்திக்கிறேன். ஆறு பேர் என்று சொன்னாயே, ஆறு பேருக்கும்.

சுற்றுலாக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். யார் யார் வந்தார்கள் என்று வழக்கம்போல நான்தான் எழுதி வைக்கிறேன். இந்த வாரம் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, கரையை விட்டுப் போகும்போது கை கோத்து, திரும்பி வரும்போது ஆளுக்கொரு மூலையில். நம் குடைக்காரரும் வந்துவிட்டார். அந்த அலுவலக குமாஸ்தாவை ஞாபகம் இருக்கிறதா, ஞாயிறு தவறாமல் வந்து, படகில் பாய் நிழலிலும் குடையை விரித்துக்கொண்டு உட்காருவாரே. உன் அண்ணன் கேட்டார், "சார், காத்துக்கு நான் ஒரு பாய் வெச்சிருக்கேன், நீங்க ரெண்டாவது பாய் விரிச்சா படகு யார் பேச்சைக் கேக்கும்?" குடையை மடக்கவில்லை.

புதிதாக வருகிறவர்களிடம் அதே பிரசங்கம்தான்: "பயப்படாதீங்க. காத்து மிஞ்சினா இந்தக் கயித்தை விட்டுடுவேன். விட்டா போதும், பாய் படபடன்னு அடிச்சிக்கிட்டு, படகு நிமிர்ந்து நின்னுடும்." அதைக் கேட்டால் நீ சின்னப் பையனாக இருந்தது ஞாபகம் வருகிறது. பயந்து கயிற்றை இறுக்கிப் பிடிக்கிற குணம் உனக்கு என்று, எங்கே கண்டாலும் "விடு!" என்று கத்துவார். கையில் எது இருந்தாலும் நீ அந்த நொடி விட வேண்டும். கரண்டி, பென்சில், பல்துலக்கி. நான் வந்த புதிதில் என் அம்மா கொடுத்த கண்ணாடிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு நீ வந்தாய், அவர் கத்தினார். நான் அழுதேன், நீங்கள் இரண்டு பேரும் துண்டு பொறுக்கினீர்கள். "குடுவை போகட்டும், கை திறந்துச்சா இல்லையா, அதைப் பாரு" என்று உன் தலையைத் தடவினாரே.

வருவாயா? தேதி சொன்னால் உன் அறையை ஒழித்து வைப்பேன். இப்போது அங்கே பாய்த்துணி அடைத்திருக்கிறது.

அன்புடன்,
அண்ணி

மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நல்ல சேதி. போட்டிப் படகுக்கு என்னையும் மலையையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இறக்கையும் புதிது, இன்னும் மெல்லியது, இன்னும் வேகம்.

அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் கற்றுக்கொடுத்ததை மறக்கத்தான் எனக்கு இத்தனை மாதம் ஆனது. இந்தப் படகில் கயிற்றைச் சட்டென்று விடக் கூடாது. பாயின் விசைதான் படகின் மூக்கைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கிறது. அதை ஒரேயடியாக விட்டால் மூக்கு எம்பும், இறக்கை தண்ணீரை விட்டு வெளியே வரும், அப்புறம் மாடியில் இருந்து விழுவது போல விழ வேண்டியதுதான். பயம் வந்தால் விரல் அளவு, விரல் அளவாகத்தான் தளர்த்த வேண்டும். ஆரம்பத்தில் கோச் என் கையைத் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இப்போது தேவையில்லை. என் கை இனி அப்படித் திறக்காது என்று அண்ணனிடம் சொல்லுங்கள். கொஞ்சம் திமிராகவே சொல்லுங்கள்.

செப்டம்பர் கடைசியில் வருகிறேன். மலையையும் கூட்டி வருவேன், அண்ணன் படகில் டீ குடிக்க வேண்டுமாம் அவனுக்கு. அண்ணன் பேசாவிட்டால் அவன் பேசிக்கொள்வான், ஊமையையும் பேசவைக்கிற வாய்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 10

தம்பி,

நேற்று உங்கள் அலுவலகத்தில் இருந்து போன் வந்தது. "படகு விழுந்துடுச்சு, உங்க ஆள் பத்திரம்" என்றார்கள். அவ்வளவுதான். இன்றைக்குப் பேப்பரில் ஒருவர் இறந்துவிட்டார் என்று போட்டிருக்கிறது. கவிழ்ந்த படகில், ஆள் நடக்கத் தளமாகக் கட்டியிருக்கும் வலைக்கு அடியில் மாட்டிக்கொண்டவராம்.

உன் கையால் ஒரு வரி எழுது. வேறொன்றும் கேட்கவில்லை. உன்னைக் காப்பாற்றிய ஆண்டவனுக்கு நன்றி சொல்ல முழங்கால் போட்டேன். இறந்தவரும் யாரோ பெற்ற பிள்ளை என்று நினைத்ததும் பாதியில் எழுந்துவிட்டேன்.

அண்ணி

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. போனிலும் கிடைக்கவில்லை.

உன் அண்ணன் தையல்கடைக்குப் போய் அந்த விழுந்த படத்தைப் போடச் சொல்லிப் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். தையல்கடைக்காரம்மா கடைசியில் போனையே அவர் கையில் கொடுத்துவிட்டுத் துணி வெட்டப் போய்விட்டாராம். "பெரிய பாய் மொத்தமா தளர்ந்துச்சு" என்று வீட்டில் வந்து சொன்னார். அப்புறம் சாப்பிடவில்லை.

உன் மே மாதக் கடிதத்தை நான் அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன் தம்பி. திமிரோடு வாசித்தேன், நீ சொன்னபடி. அன்றைக்குச் சிரித்தார்.

எழுது.

அண்ணி

ஜூலை 22

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உடம்பு சரியாகிவிட்டது. தோள்பட்டையில் மட்டும் கட்டு.

போனது மலை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்று அதிகாரிகள் விசாரிக்கிறார்கள். கயிறு வழுக்கியதா என்று கேட்டார்கள். வழுக்கியது என்று எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். புது உறை போட்ட கயிறு, வழுக்கக் கூடியதுதான் என்று கோச்சும் சொன்னார்.

அண்ணனிடமும் கயிறு வழுக்கியது என்று சொல்லிவிடுங்கள். கட்டாயம் சொல்லுங்கள்.

அறையில் அவன் கட்டிலை எடுத்துவிட்டார்கள்.

தம்பி

ஆகஸ்ட் 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்தபிறகுதான் உயிர் வந்தது. தோளை அசைக்காதே. மலைக்காக அழுதேன். பார்த்திராத பிள்ளை, வீட்டுக்கு வருகிறான் என்று அவனுக்கு நீளமான மெத்தை தைத்துக்கொண்டிருந்தேன்.

கயிறு வழுக்கியது என்று உன் அண்ணனிடம் சொன்னேன். "அவன் கையில எதுவும் வழுக்காது. நான் வளர்த்த கை" என்றார்.

அவர் உன்மேல் கோபமாக இல்லை. அதை எப்படியாவது உனக்குப் புரியவைக்க வேண்டும். கோபமாக இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். பிள்ளைகளுக்குப் படகு சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டார். சுற்றுலாக்காரர்களை மட்டும் கூட்டிப் போகிறார். அந்தப் பிரசங்கம் இல்லை. கையில் எடுத்த எதையும் சட்டென்று வைக்கமாட்டேன் என்கிறார், தம்ளரைக்கூட நான்தான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்க வேண்டியிருக்கிறது. "என்னங்க இது" என்றால், "என்ன?" என்கிறார். அவருக்கே தெரியவில்லை.

உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'தம்பி' என்று எழுதிக் காற்புள்ளி வைத்தார். அப்புறம் எழுந்து போய்விட்டார். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

இப்போதே வா. செப்டம்பர் வரை வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் பேசினால் ஒழிய இது தீராது.

அண்ணி

செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உடனே வராததற்கு மன்னியுங்கள். விசாரணை முடியும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு. உங்களிடம் இருந்தும் ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. போனும் அடிக்கவே இல்லை. சுகம்தானே?

மலையின் அம்மாவைப் பார்க்கப் போனேன். மாடியில் சின்ன வீடு. அவனுடைய காலணிகளைத் துடைத்து வாசலில் வைத்திருந்தார். எனக்கு டீ கொடுத்தார். "கயிறு வழுக்கிடுச்சாமே. நீயே உன்னைத் திட்டிக்காதப்பா. உன் மேல தப்பில்ல" என்றார். தம்ளரோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன் அண்ணி.

அக்டோபரில் கடைசி விசாரணை. அங்கே உண்மையைச் சொல்லப் போகிறேன்.

இனிமேல் இருப்பதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அண்ணா, காற்று அடித்தது. படகு சாய்ந்தது. யாரும் கத்தவில்லை. என் கை திறந்துவிட்டது. நீங்கள் சொல்லிக்கொடுத்தது தப்பில்லை. உங்கள் படகுக்கு அது சரி. அந்தப் பாடத்தால் எத்தனை பேர் உயிரோடு கரைக்கு வந்திருக்கிறார்கள். இந்தப் படகுக்கு அது ஆகாது என்று தெரிந்தும் ஏறியவன் நான். நீங்கள் இதைத் தூக்கிச் சுமக்கக் கூடாது. உங்களுடைய காற்புள்ளிக்குப் பிறகு என்ன எழுத நினைத்தீர்களோ, அதை நேரில் சொல்லுங்கள். அடித்தாலும் சரி.

தம்பி

அக்டோபர் 1

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. எனக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை, அதனால் எழுத முடியவில்லை. போன் வேலை செய்யவில்லை.

நீ சொன்ன இடத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன், ஒரு எழுத்து விடாமல். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நீ நினைத்தபடியே உண்மையைச் சொல். அந்தத் தாய்க்கு அது கிடைக்க வேண்டும். வேறு எதையும் இப்போது யோசிக்காதே. முடித்துவிட்டு எழுது.

அண்ணி

அக்டோபர் 21

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். சொல்லிவிட்டேன். பயத்தில் நானேதான் விட்டேன் என்றேன். மலையின் அம்மா முதல் வரிசையில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை, பையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது என் பக்கத்தில் நின்று, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். போய்விட்டார். அவ்வளவுதான். அதற்குமேல் நான் எதிர்பார்க்கவும் கூடாது.

அணியில் இருந்து எடுத்துவிட்டார்கள். இனி போட்டிப் படகு எதிலும் ஏற முடியாது. ஏறவும் மாட்டேன். பொய் சொன்னதற்கு வழக்கு உண்டாம், கூப்பிட்டால் வரவேண்டும். அதுவரை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

அண்ணன் என்னை வீட்டுக்குள் விடுவாரா? கேட்டு ஒரு வரி எழுதுங்கள். விடுவார் என்றால் மறுநாளே கிளம்புகிறேன். அவர் படகில் கயிறு சுருட்டுகிற வேலை கொடுத்தால்கூடப் போதும்.

தம்பி

அக்டோபர் 29

தம்பிக்கு,

இதைப் படிக்கும் முன் எங்காவது உட்கார்ந்துகொள்.

உன் அண்ணன் இல்லை. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு போய்விட்டார்.

குடைக்காரரும் அவர் அக்காவும் அக்காவின் வீட்டுக்காரரும் படகில் இருந்தார்கள். பெரிய காற்றுகூட இல்லை. மேகத்தோடு ஒரு வீச்சு வந்தது, அவர் எத்தனையோ முறை பார்த்ததுதான். படகு சாய்ந்தது. "நான் கத்தினேன்மா, கயித்தை விடுங்க, விடுங்கன்னு. அவர் ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தார். தன்னோட கையையே பாத்துக்கிட்டிருந்தார். வேற யாரோட கையோ மாதிரி" என்று குடைக்காரர் என் முன்னால் உட்கார்ந்து அழுதார். படகு கவிழ்ந்தது. மற்ற மூன்று பேரும் மிதவைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள், மீட்புப் படகு வந்து ஏற்றிக்கொண்டது. அவர் பாய்க்கு அடியில் இருந்தார். கொண்டுவந்தபோதும் கையில் கயிறு இருந்தது. கயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள்.

நான் உனக்குச் சொல்லவில்லை. போனின் ஒயரைப் பிடுங்கி வைத்தேன். தெரிந்தவர்கள் எல்லோரிடமும் உனக்கு எழுதக் கூடாது என்று கெஞ்சினேன். ஏன் என்று நீ கேட்பாய். முதலில், நீ என்ன பண்ணிக்கொள்வாயோ என்ற பயம். பிறகு உன் கடிதம் வந்தது, விசாரணையில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று. இதைச் சொன்னால் உன்னால் அங்கே நிற்கவே முடியாது என்று நினைத்தேன். இதெல்லாம் நான் அடுத்தவர்களிடம் சொல்லிக்கொள்ளும் காரணம். உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்கு உன்மேல் கோபம் தம்பி. நீ வந்து வாசலில் நின்றால் வாயில் வருவதைச் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். சொன்னால் திரும்ப எடுக்க முடியாது, இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு முறை அப்படி ஆகிவிட்டது. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அவர் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்கிற உரிமையை உன்னிடம் இருந்து நான் பறித்துவிட்டேன். அதற்கு நீ என்மேல் கோபப்படு. அது நியாயம்.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன் என்று எழுதினேனே, அது பொய் இல்லை. அவரைப் படுக்கவைத்த இடத்துக்கு எடுத்துப்போய், உட்கார்ந்து, சத்தமாக வாசித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் விடுவாரா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு இப்போது பதில் சொல்ல வேண்டியவள் நான். வா.

வந்ததும் மன்னிப்புக் கேட்காதே. அதைக் கேட்டுத் தாங்கத் தெம்பில்லை, நானும் உன்னிடம் கேட்கப் போவதில்லை. சாப்பிடு. தூங்கு. உன் அறையில் இருந்த துணியையெல்லாம் வெளியே எடுத்துவிட்டேன். படகைக் கரைமேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். யாரோ அந்தப் பெரிய பாயை உப்புத்தண்ணீரோடு அப்படியே சுருட்டிக் கட்டிவிட்டார்கள், நானும் போய்ப் பிரிக்கவில்லை. தினமும் அந்த வழியாகத்தான் கடைக்குப் போகிறேன், மறுபக்கம் பார்த்துக்கொண்டு. இந்நேரம் பூசணம் பிடித்து நாறியிருக்கும். தனியாக விரிக்க முடியாத அளவுக்குப் பெரிய துணி அது. ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அண்ணி